மெல்விக்ஸ் வந்த ஏரிக்கரை வழி

கவியாவின் கம்ப்யூட்டர் அன்று சாயங்காலம் மூன்றாவது முறையாக உறைந்து நின்றது. பதினொன்றாம் வகுப்புப் புராஜெக்ட் பாதி எழுதிய நிலையில் திரையில் கிடந்தது. நடுவில் அம்புக்குறி மட்டும் அசையாமல் நின்றது.

"அமத்திட்டு மறுபடி போடுட்டி. சரியாயிரும்" என்றார் அவள் அப்பா இசக்கிதுரை.

"ரெண்டு தடவை போட்டாச்சுப்பா. எழுதுனதெல்லாம் போச்சு. வேற கம்பெனி வாங்கலாமா?"

இசக்கிதுரைக்குச் சுருக்கென்றது. வல்லம் வடகாலில் இருக்கும் சுடர் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் அவர் லைன் சூப்பர்வைசர். நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து பதினாலு வருஷமாக அங்கேதான் வேலை. வீட்டில் இருந்ததும் சுடர்தான். தொழிற்சாலைக் காலண்டரின் ஜூன் மாதப் பக்கத்தில், மனைவி சுகப்பிரியாவும் மகளும் இருபுறம் நிற்க, அவர் அந்தக் கம்ப்யூட்டர் மேல் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கிற ஐந்து நிமிடக் கூட்டத்தில் அவர் பேசுவதெல்லாம் ஒரே பேச்சு. நாம் செய்த பொருளை நாமே வாங்காவிட்டால் ஊரான் எதற்கு வாங்குவான் என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

ஒருமுறை பிரவீன் என்கிற ஆபரேட்டர், போட்டிக் கம்பெனியான மெல்விக்ஸின் பெயர் போட்ட பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். யாரோ இலவசமாகக் கொடுத்த பை. இசக்கிதுரை அவனை அறுபது பேர் முன்னால் நிறுத்தி, அந்தப் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிரவீனும் சிரித்துச் சமாளித்தான். அவன் காது மட்டும் சிவந்து போயிருந்தது.

அப்படிப்பட்டவர் வேறு கம்பெனியை எப்படி வாங்குவார்? சுடர் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாமென்றால், புகார் ஏட்டில் அவர் பெயர் ஏறும். காலண்டரில் வந்த கம்ப்யூட்டரே படுத்துவிட்டதென்று கேன்டீன் முழுக்கப் பேச்சாகும். ஆகவே ஒரு தலையணை உறைக்குள் போட்டு, படப்பையில் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு அது உறைந்து நின்றதோடு, ஒவ்வொரு தடவை உறையும்போதும் 'கீ'யென்று ஊளையும் இட்டது. உங்கள் வீட்டில் குக்கர் அடிக்கடி விசில் அடிக்கிறதே என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்விக்ஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். வாங்குவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. சும்மா பார்ப்போமே என்றுதான். நாலாம் நாள் கன்னியம்மாவின் புருஷன் பச்சையப்பன் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். அவனும் சுடரில்தான், பேக்கிங் பிரிவில்.

"இன்னா சார், மெல்விக்ஸு பாத்துகினு கீறீங்க?"

"எதிரி என்ன செய்யுதான்னு தெரிஞ்சாத்தானடே நம்ம ஜெயிக்க முடியும்" என்றார் இசக்கிதுரை.

பச்சையப்பன் அசந்துபோனான். அதை அப்படியே மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் அகமகிழ்ந்து, வருகிற சனிக்கிழமை தர தினக் கூட்டத்தில் 'மெல்விக்ஸின் குறைகள்' என்ற தலைப்பில் இசக்கிதுரை பேசுவார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிவிட்டார்.

குறை வேண்டுமே. இசக்கிதுரை தேடினார். வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் வரி விடாமல் படித்தார். நூறு பேரில் தொண்ணூறு பேர், வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் நின்றதில்லை என்று எழுதியிருந்தார்கள். மிச்சப் பேர், பெட்டியில் ஒட்டிய டேப்பைப் பிரிப்பது கஷ்டம் என்றார்கள். குறை தேடப் போன இடத்தில் அவர் மனசு சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, மனைவி பெயரில் ஆர்டர் போட்டார்.

சனிக்கிழமை இருபது நிமிடம் பேசினார். மெல்விக்ஸின் டேப்பைப் பற்றியே ஆறு நிமிடம் பேசினார். நடுவில் சட்டைப்பையில் போன் துடித்தது. பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். மெல்விக்ஸ் புறப்பட்டுவிட்டது, நாளை வந்து சேரும் என்றிருந்தது. கூட்டம் கைதட்டியது. பிரவீனும் தட்டினான். இசக்கிதுரைக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அவர் குடியிருந்தது சேரப்பணஞ்சேரியில், நாலு வீடு உள்ள ஒரு காம்பவுண்டில். நாலு வீட்டிலும் சுடர்க்காரர்கள். வாசல் வழியாகப் பெட்டி வந்தால் எட்டு ஜன்னல் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை குரியர்காரன் ரகு போன் செய்தபோது, ஏரிக்கரையைச் சுற்றிப் பின்பக்கமாக வரச் சொன்னார். ரகு ஒன்றும் கேட்காமல் வந்தான். பெட்டியில் மெல்விக்ஸ் என்று சாண் உயரத்துக்கு எழுதியிருந்தது. இசக்கிதுரை அதன்மேல் போர்வையைப் போர்த்தவும், கொடியில் துணி எடுக்கக் கன்னியம்மா வரவும் சரியாக இருந்தது.

"இன்னாக்கா, பெருசா எதுனா வாங்கிகீறீங்களா?" என்று சுகப்பிரியாவைக் கேட்டாள்.

சுகப்பிரியா வாயைத் திறப்பதற்குள் இசக்கிதுரை முந்திக்கொண்டார். "கிரைண்டர்மா."

கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. அவள் வீட்டுக் கிரைண்டரில் பெல்ட் அறுந்து ஒரு வாரமாகிறது. சாயங்காலத்துக்குள், ஊறவைத்த அரிசியும் உளுந்துமாக இரண்டு பெரிய குண்டான்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சுகப்பிரியா புருஷனைப் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மிக்ஸியில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு அரைத்தாள். கிரைண்டர் சத்தம் மிக்ஸி மாதிரி இருக்கிறதே என்று வெளியிலிருந்து கன்னியம்மா கேட்டதற்கு, புது மாடல் என்று இசக்கிதுரை பதில் சொன்னார். உளுந்து முடிந்து அரிசி பாதியாகும்போது மிக்ஸி புகைந்து அடங்கியது.

இசக்கிதுரை படப்பைக்கு ஓடி, ஒரு நிஜக் கிரைண்டரை வாங்கி, அதே ஏரிக்கரை வழியாக, அதே போர்வையைப் போர்த்திக் கொண்டுவந்தார். இந்தத் தடவை பச்சையப்பன் பார்த்துவிட்டான். முதலில் வந்தது பழுது, மாற்றிக் கொடுத்தார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் சாருக்கே பழுதானதைத் தள்ளிவிட்டார்களா என்று பச்சையப்பன் கொதித்துப்போய், லைன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம், கடைக்காரனிடம் நியாயம் கேட்கவென்று ஐந்து பேர் வந்தார்கள். பிரவீனும் வந்திருந்தான். அந்தக் கடை எங்கே, பில் எங்கே என்று அக்கறையாக விசாரித்தார்கள். உள் அறையில் கவியா கதவைச் சாத்திக்கொண்டு புது கம்ப்யூட்டரில் புராஜெக்ட்டை முடித்துக்கொண்டிருந்தாள். இசக்கிதுரை வெளியே உட்கார்ந்து, நிஜக் கடையைக் காட்டிக்கொடுக்காமல், இல்லாத கடைக்காரனுக்கு ஒரு பெயர் வைத்தார். அவன் நல்ல மனுஷன் என்றார். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். பிரவீன் எழுந்து, "பாவம் சார், அப்ப வுட்டுடலாம்" என்று மற்றவர்களையும் கிளப்பினான்.

எல்லாரும் போனபிறகு கவியா வெளியே வந்தாள்.

"புராஜெக்ட் முடிஞ்சுதுப்பா. இதைத் திருப்பிக் குடுத்துடுங்க. இனிமே ஸ்கூல் லேப்ல பண்ணிக்கிறேன்."

"ஏம்மா, நல்லாத்தான ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது. நீங்க பேசுனதெல்லாம் உள்ள கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பெற்ற மகள் தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. இசக்கிதுரைக்கு இரண்டு காதும் சுட்டன. பிரவீனுக்கு அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. போர்வையை எடுத்து மடித்து வைத்தார். திருப்பி அனுப்புவதற்கு போனில் பதிவு செய்தார்.

புதன்கிழமை ரகு வந்தான். வழி சொல்லாமலே பின்பக்கமாக வந்தான். பெட்டியைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

"பீஸ் நல்லாத்தானே சார் கீது? எதுக்கு ரிட்டன்?"

ஒரு வாரமாகப் பொய் சொல்லிச் சலித்துப் போயிருந்த இசக்கிதுரை, முன்பின் பழகாத இவனிடமாவது ஒரு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தார்.

"பொருள்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. இங்க குடியிருக்குறது பூரா சுடர்க்காரங்க. இதை வச்சுக்கிட்டு அவங்க மூஞ்சில முழிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

ரகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மற்ற மூன்று வீடுகளின் பின்கதவுகளையும் ஒரு பார்வை பார்த்தான்.

"அட இன்னா சார் நீங்க, மிச்ச மூணு வூட்டுக்கும் இதே பெட்டிய இதே ஏரிக்கரை வழியா நான்தான் கொண்டாந்து குடுத்தேன்; மூணு வூட்லயும் 'இசக்கிதுரைன்னு ஒருத்தர் கீறாரு, அவரு கண்ணுல மட்டும் பட்டுடாம வா'ன்னாங்க. யாரு சார் அந்த ஆளு?"