ஏரிக்கரையில் நான் காத்த மௌனம்

கடவுள் என்னைக் கூப்பிட்டிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிக்கு மாடி. விடிந்தால் மூட்டை இறக்கும் சத்தம். அது ஓய்ந்தால் மிளகாய் நெடியில் தெருவே தும்மும் சத்தம்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்வதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்குச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். எங்காவது தனியாக உட்கார்ந்து ஆண்டவர் சொல்வதைக் கேள் என்றார் அவர். நான் அதோடு விட்டேனா? பொழுது சாயும்வரை மௌனம், கூடவே பச்சைத் தண்ணீர்கூடப் படாத ஒருசந்தி விரதம் என்று நேர்ந்துகொண்டேன். (புனிதராக ஒரு சனிக்கிழமை போதும் என்று கணக்கு.)

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில், புனித இடமாயிற்றே என்று வேதாகமத்து மோயீசனைப் போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஆடு மேய்த்த அம்மாள் ஒருவர் வந்தார். "ஏஞ்சாமி, தனியா உக்காந்திருக்கறீங்க?"

நான் பேசாமல் வானத்தைக் காட்டினேன்.

அவர் செருப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என் விரல் காட்டிய திசையைப் பார்த்தார். அடுத்து அவர் போட்ட கூப்பாட்டில் கடலைக்காட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் துண்டால் என் இடுப்பைத் தன் இடுப்போடு முடிந்துகொண்டார்.

பரீட்சையில் போய்விட்டதா, பெண் கொடுக்க மறுத்துவிட்டார்களா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தேன். அப்படியானால் விஷயம் ரொம்பப் பெரிது என்று முடிவு செய்து, என்னைத் தேற்றத் தங்கள் கஷ்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வற்றிய கிணறு, ஓடிப்போன எருமை. துண்டுக்காரர் தன் மச்சானோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை என்று அழுதே விட்டார். ஆண்டவர் குரலைக் கேட்க வந்தவன் ஊர்க்குரல் முழுவதையும் கேட்டேன்.

உச்சிவெயிலில் அந்த அம்மாள் கம்பங்கூழும் வறுத்த மோர்மிளகாயும் கொண்டுவந்தார்.

"என்ன கஷ்டமிருந்தாலும் மொதல்ல ஒரு வாய் குடிங்க சாமி. அப்பறம் நெனச்சுக்கலாம்."

சட்டி காலியானது. பிறகு என் வாயிலிருந்து அன்றைய முதல் சொல் வந்தது.

"இன்னொரு மொளகா இருக்குதுங்களா?"

நான் தேடிவந்த அமைதி அப்போதுதான் கிடைத்தது. அரை நிமிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு சிரிப்பு.

துண்டுக்காரர் என்னை பஸ்ஸில் கூட்டிவந்து அப்பாவிடம் ஒப்படைத்தார். மறுநாள் எல்லாவற்றையும் கேட்ட பங்குச் சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதில் வந்திருச்சு, போய்ப் பொழப்பப் பாரு" என்றார். மண்டியில் கணக்கெழுதப் போனேன். கல்யாணமும் ஆயிற்று.

இன்றைக்கும் நான் சற்றுப் பேசாமல் இருந்தால், "அப்பா ஏரிக்குப் போயிட்டாரு" என்கிறார்கள் பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.