லாசரஸ் ஜீப்புக்கு வின்ச் வைத்த கதை

இனி எந்தச் சேறும் தன்னிடம் வாலாட்ட முடியாது என்று லாசரஸ் தீர்மானித்தது, மகனைப் புதைத்த அடுத்த வாரம்.

போன கார்த்திகையில், பத்தொன்பது வயது ஏசுதாசன் காமாலையில் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் சவ வண்டி அச்சு வரை புதைந்து நின்றது. கல் போட்டுத் தள்ளியும் நகரவில்லை. கடைசியில் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். முன்னால் பிடித்திருந்த லாசரஸ் வழுக்கி விழுந்தார். பெட்டி சாய்ந்தது. உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் அவர் அந்தத் திசைக்கே போகவில்லை. தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். கை சும்மா இருக்காது. மிலிட்டரியில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கினார். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வின்ச்சைக் கொண்டுவந்தார். வண்டி சேற்றில் மாட்டினால், வின்ச்சில் சுற்றியிருக்கும் இரும்புக் கயிற்றை இழுத்து ஒரு மரத்தில் மாட்ட வேண்டியது, கைப்பிடியைச் சுற்ற வேண்டியது, வண்டி தானாக ஏறி வந்துவிடும். அதை ஜீப்பின் மூக்கில் உட்காரவைக்க ஒரு ஸ்டாண்டு மட்டும்தான் பாக்கி.

"பூசை முடிஞ்சதும் தோட்டத்துக்குப் போறேன். வர்றீங்களா?" என்று ஞாயிறுதோறும் கேட்பாள் அவர் மனைவி செல்வமேரி.

"வின்ச் ஏறட்டும் மேரி. ஜீப்புலேயே கூட்டிட்டுப் போறேன்."

ஏறியது. பெருங்களத்தூர் வெல்டிங் பட்டறை அப்பாதுரை, ஸ்டாண்டை பம்பரிலேயே பற்றவைத்துக் கொடுத்தார். வாசல் வேப்பமரத்தில் கொக்கியை மாட்டிச் சுற்றிப் பார்த்தார்கள். பம்பர் மட்டும் கழன்று மரத்தை நோக்கி மரியாதையாக நடந்துபோனது. ஜீப் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னா சார், வண்டியை இஸ்துகினு வரும்னு பாத்தா, மூக்கை மட்டும் இஸ்துகினு போவுது," என்றார் அப்பாதுரை.

இரண்டாவது ஸ்டாண்டை வண்டியின் அடிச்சட்டமான ஷாசியோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். மலை மாதிரி நின்றது. ரேடியேட்டருக்குத்தான் காற்று போகவில்லை. அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் தாண்டுவதற்குள் ஜீப் இட்லிப் பானையாகிவிட்டது. மூன்றாவதைக் கீழே இறக்கிவைத்தார்கள். அது எஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் போடும் ஓட்டையை மறைத்தது. ஹேண்டில் சுற்றாமல் அந்த ஜீப் எந்தக் காலத்திலும் கிளம்பியதில்லை.

"இழுக்கிறதுக்கு மிஷின் இருக்கு. கிளம்புறதுக்குத்தான் வழியில்லை," என்றாள் செல்வமேரி, மோரை நீட்டியபடி.

"பிளேட்டை அரை இஞ்ச் ஏத்தினா சரியாயிடும்."

"தோட்டத்துல தாசு கேட்டுக்கிட்டே இருக்கான்."

"என்ன கேக்கறான்?"

"அப்பா எங்கேன்னு."

லாசரஸ் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்தார்.

நாலாவது ஸ்டாண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேடியேட்டர் மூச்சு விட்டது. ஹேண்டில் நுழைந்தது. லாசரஸுக்கு அதுதான் பயமாக இருந்தது. பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். காய வேண்டும் என்றார். காய்ந்ததும், கறுப்பு எடுபடவில்லை, பச்சைதான் லட்சணம் என்று திரும்பவும் பிரஷ்ஷை எடுத்தார்.

கல்லறைத் திருநாள் வந்தது. விடிந்ததிலிருந்து தூறல்.

"பெயிண்ட் ஈரமா இருக்கே மேரி."

அவள் மெழுகுவத்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ முதலில் அப்பாதுரையின் பட்டறைப் பக்கம் திரும்பியது.

சற்று நேரத்தில் அப்பாதுரை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். "சார், அக்கா போன ஆட்டோ கல்லறை ரோட்டுச் சேத்துல எறங்கிக்கீது. அக்கா உள்ளயே குந்திக்கினு கீறாங்க. வின்ச்சை எடுத்துகினு ஓடு சார்."

லாசரஸ் செருப்புக்கூடப் போடவில்லை. ஹேண்டிலை ஒரே சுற்று, ஜீப் கிளம்பிவிட்டது. ஜீப்பை எங்கே நிறுத்துவது, கொக்கியை எங்கே மாட்டுவது, ஆட்டோவை எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினார். இந்தத் தடவை எதுவும் சாயக் கூடாது. எதுவும்.

கல்லறைப் பாதை திரும்பும் இடத்தில் நாலு சக்கரத்துக்குமான கியரைப் போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை இறக்கினார்.

ஜீப் வழுக்கிக்கொண்டு போனது, எண்ணெய் தடவின மாதிரி. எட்டிக் கீழே பார்த்தார். தார். சக்கரத்துக்கு முன்னாலும் தார், பின்னாலும் தார். மழைத் தண்ணீர் ஒழுங்காக ஓரத்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவையும் காணோம், சேற்றையும் காணோம். தோட்டத்து வாசல் வரை அவரைக் கேட்காமலே வண்டி போய் நின்றது.

செல்வமேரி மகனின் தலைமாட்டில் குடையோடு உட்கார்ந்திருந்தாள். சிலுவையில் எழுதியிருந்த பெயரை லாசரஸ் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போலப் படித்தார். பாதியிலேயே ஈர மண்ணில் உட்கார்ந்து, பெட்டி சாய்ந்த அன்றைக்கு அழ வேண்டியதையெல்லாம் அழுதார். அவள் குடையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு நனைந்துகொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ரோடு எப்பப் போட்டாங்க?"

"ஆடியிலே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, ஜீப்புக்கு ரெக்கை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க."