பூண்டாகிள் என்னும் அருஞ்சொல்

ஆந்திர எல்லையோர நகரி நெசவாளர்களின் துயரங்களுக்கெல்லாம் மூலகாரணம் ஆங்கிலச் சொல்வளம் போதாமையே என்று கண்டறிந்த பெருமை, திருப்பதியிலிருந்து வந்த அதிகாரி சாய்குமாரையே சேரும். பாமரக் கண்ணுக்கு மட்டும், தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனதுதான் காரணம்போலத் தெரிந்தது.

கல்பனாவுக்கு அந்தப் பாமரக் கண். அவள் வீட்டு விசைத்தறிகளில் கல்யாணச் சேலைகள் பாதியில் நின்றன. முகூர்த்தம் நெருங்குகிறது, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று புத்தூர் வியாபாரி சொல்லிவிட்டார். பதறியடித்துக்கொண்டு அதிகாரியிடம் மனு கொடுக்கப் போனாள்.

"மொதல்ல 'திறன் மேம்பாடு', அப்புறம்தான் 'மின் மேம்பாடு'" என்று சாய்குமார் அவளைப் பயிற்சியில் உட்காரவைத்தார்.

பயிற்சி உயர்ந்த ரகம். நெசவாளர்களுக்கு நூலின் பயன்கள் விளக்கப்பட்டன. அடையாள அட்டை மாட்டும் கயிறு பின்னவும் கற்றுத்தந்தார்கள். போதாததற்கு, தினமும் ஓர் ஆங்கிலச் சொல். அன்று பலகையில் 'பூண்டாகிள்'.

"அமெரிக்காவில சாரணர் பசங்க தோல்கயிறு பின்னுவாங்க. தொப்பிக்கு, கழுத்துக்கு. அதுக்குப் பேரு இது. அர்த்தமாயிந்தா?"

"ஆச்சு சார். கரண்டு எப்ப வரும்?"

"வரலாறு முடியட்டும்மா! அங்க பெரிய பொருளாதார மந்தம் வந்து ஜனங்களுக்கு வேலை போச்சு. சும்மா இருக்கக் கூடாதுன்னு கவர்மெண்டே செலவு பண்ணி இந்தக் கைவேலையெல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. பேப்பர்காரங்க சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து, யாருக்கும் உதவாத வேலைய சர்க்கார் செலவுல மும்முரமா செய்யறதுக்கே இந்தப் பேரு நிலைச்சுப்போச்சு."

என்ன தெளிவு, என்ன ஞானம்! கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாரும் கயிறு பின்னுங்க" என்றார்.

கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தறி அங்கே செத்துக் கிடக்கிறது, இவள் இங்கே கயிறு பின்ன வேண்டுமாம்.

பக்கத்தில் இருந்த ரூபா அவள் காதைக் கடித்தாள். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகிய நகரிக்காரர்கள் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். திருப்பதிக்காரருக்கு இது தெரியாது.

"ஏங்க்கா, நம்ம பாஷையில இதுக்கு ஒரு வார்த்த கூடவா இல்ல?"

கல்பனாவும் அதே ரகசியக் குரலில் சொன்னாள். கூடம் முழுவதும் கயிறு பின்னிய கைகள் நின்றன.

"அவங்க ஊர்ல எப்பவோ ஒருவாட்டி நடந்துகீது, அதான் தனியா பேர் வெச்சிகிறாங்க. இங்க தெனம் நடந்துகினு கீது. 'ஆபீஸ்'னு சொன்னா பத்தாதாடி?"