வேலையில்லாதவர் எவருமில்லாத தெரு

கோவில்பதாகையில் வசிக்கும் யுவராணி பி.காம். கடைசித் தேர்வை எழுதி முடித்த கையோடு, வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்கப் புறப்பட்டாள். நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போக அவளிடம் ஒரு நல்ல செருப்புகூட இல்லை. துணி கம்பெனியில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வரும் அம்மா வடிவிடம் அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

உதவித்தொகைப் பிரிவு அலுவலர் எத்திராஜ் மிகுந்த கனிவுடன் விசாரித்தார்.

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"

"இன்னும் வர்ல சார்."

"அப்ப நீ மாணவி. மாணவிக்கு வேலை படிக்கிறது. வேலை இருக்கறவங்களுக்கு உதவித்தொகை கிடையாது."

"ரிசல்ட் வந்துட்டா?"

"அப்ப பட்டதாரி. பட்டதாரிக்கு வேலை கிடைச்சிடும்னு துறை நம்புது. அந்த நம்பிக்கையை நாமளே கெடுக்கலாமா?"

யுவராணியின் கண் கலங்கியது. எத்திராஜ் இளகிவிட்டார்.

"சரி, நேர்ல வந்து அக்கம்பக்கத்துல விசாரிக்கிறேன். உனக்கு வேலை இல்லைன்னு நாலு பேர் சொல்லட்டும்."

அடுத்த வாரமே வந்தார். தெருமுனையில் இஸ்திரி போடும் மதுரைவீரனிடம் முதலில் கேட்டார்.

"யுவராணியா? இன்னா சார் நீ, பாடி மேம்பாலத்தாண்ட காலேஜு பேனர் கீதே, பாக்கலியா? நூத்துக்கு நூறு வேலைவாய்ப்புன்னு அது போட்டோவும் போட்டுக்கீறானுங்க. தெனம் ஏசி காரு வந்து இட்டுகினு போவுது!"

அப்படி ஒரு கார் அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லை.

வெள்ளைச் சட்டையும் கையில் பையுமாக ஒருவர் மகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருவதை, அன்று லீவில் வீட்டிலிருந்த வடிவு பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் என்று முடிவு கட்டி, அவரை உட்காரவைத்து, காபி கொடுத்தாள்.

"பொண்ணு வேலைக்குப் போகுதாம்மா?"

"போவாம இன்னா சார்? பெரிய கம்பெனி."

உள்ளேயிருந்து நைட்டியோடு ஓடிவந்தாள் யுவராணி. "அம்மா! எனக்கு வேல இல்லம்மா!"

"ஒர்க் ஃப்ரம் ஹோம் சார்," என்றாள் வடிவு, முகத்தில் சிரிப்பு மாறாமல்.

எதிர்வீட்டு ராதிகாவுக்குப் பொறுக்கவில்லை. "எம் புள்ள சரணும் அதே மாரி கம்பெனிதான் சார், எழுதிக்கோ!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். சரண் அப்போது அவள் பின்னால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர் தம் மகனை மேனேஜர் ஆக்கினார். அதற்கடுத்த வீட்டில் மகளை சிங்கப்பூருக்கே அனுப்பிவிட்டார்கள்.

எத்திராஜ் கிளம்பியபிறகு, வந்தவர் உதவித்தொகை அலுவலர் என்று யுவராணி சொல்லித்தான் வடிவுக்கு விஷயம் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"சார், சார்! எம் பொண்ணுக்கு வேல கெடையாது சார்!"

"இப்பதானேம்மா இருந்தது?"

"இப்ப இல்ல சார்!"

"அப்ப ராஜினாமா," என்றார் எத்திராஜ் வருத்தத்துடன். "தானா வேலையை விட்டவங்களுக்கு உதவித்தொகை கிடையாதும்மா."

அவருடைய அறிக்கை மேலிடத்தை உலுக்கியது. தெருவில் உள்ள அனைவருக்கும் வேலை! அந்தத் தெருவை 'வேலையின்மை அறவே ஒழிந்த முன்மாதிரித் தெரு' என்று அறிவிக்க விழா ஏற்பாடாயிற்று. பந்தல் போட, நாற்காலி இறக்க, தோரணம் கட்ட என்று ஆளுக்கு மட்டும் குறைவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஒரு நாற்காலிகூட காலியில்லை. அத்தனை பேரும் வேலைக்குப் போகும் வயதுப் பிள்ளைகள். பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

மேடையில் உயர் அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழங்கினார்: "சவால் விடுகிறேன்! இந்தத் தெருவில் வேலையில்லாத ஒரே ஒருவர் இருந்தால் கையை உயர்த்தட்டும்!"

சரண் காலைப் பார்த்துக்கொண்டான். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் யுவராணி எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

கைதட்டத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து, கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.