ஊசி அண்ணனும் எழும்பின மாடும்

கண்டி நகரத்தில் ஊசி அண்ணனைக் கடிக்காத நாய் இன்னும் பிறக்கவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்து நாய்கள் கடித்திருக்கின்றன. மார்க்கட் நாய்கள் கடித்திருக்கின்றன. பெரிய வீட்டு நாய்கள் கேட்டைத் தாண்டி வந்து, கடித்துவிட்டு, மரியாதையாக உள்ளே திரும்பிப் போயிருக்கின்றன. நாய் மட்டுமா? வாவிக் கரையில் ஓர் ஆமை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றதை நானே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கடிக்கு ஊசி போடுகிற நர்ஸ், அவர் தலையைக் கண்டதுமே சட்டைக் கையை மடிக்கச் சொல்லிவிடுவார். ஊசி என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறு எங்கும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தெருவில் எந்தப் பிராணி நொண்டினாலும் மனுசன் குனிந்து காலைப் பிடித்துப் பார்ப்பார். அது கடிக்கும்.

"கடிக்குதுன்னா அதுக்கு எங்கயோ நோவுது தம்பி" என்பார், கையில் ரத்தம் வடிய.

"ஒங்களுக்குந்தானே நோவுது அண்ணே?"

"எனக்கு நோவுறத நான் வாயால சொல்லுவேன். அது எப்பிடிச் சொல்லும்?"



நாங்கள் இருவரும் கண்டியில் ஒரு சின்னக் காப்புறுதிக் கம்பனியின் கிளையில் பக்கத்துப் பக்கத்து மேசை. எங்கள் கம்பனி மாட்டுக்கும் காப்புறுதி கொடுத்தது. மாடு செத்தால், நட்ட ஈடு கொடுக்கும் முன் ஒருவர் நேரே போய், காதில் நாங்கள் குத்திய தகட்டைப் பார்த்து, செத்தது எங்கள் மாடுதான் என்று கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒருவர் ஊசி அண்ணன். அவரைக் கடிக்காத பிராணிகள் உலகத்தில் இந்தச் செத்த மாடுகள் மட்டும்தான்.

ஒருநாள் ஹந்தானைத் தோட்டத்தில் மேரி அக்காவின் மாடு செத்துவிட்டதாக போன் வந்தது. இவர் போனார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் செத்த வீடு மாதிரியே கூட்டம். ஒரு பக்கம் செபமாலை, ஒரு பக்கம் பிளேன்டீ. நடுவில் மாடு கழுத்தை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. ஆனால் மூச்சு வருகிறது!

"என்ன அக்கா, மாடு உசுரோட இருக்கே?"

"எப்பிடியும் நாளைக்குப் போயிரும் சேர். நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஒங்களுக்கு லீவு. அதான் இன்னைக்கே வரச் சொன்னேன். இப்பவே எழுதிக்கிங்க."

ஊசி அண்ணன் மாட்டின் காதைத் தொட்டார். சில்லென்று இருந்தது. சந்தேகமே இல்லாமல் தீர்ப்புச் சொன்னார்: "பாம்பு கடிச்சிருக்கு!" கூட்டம் பாம்பைத் தேடி நாலா பக்கமும் ஓடியது. இவர் அரசாங்க மிருக வைத்தியருக்கு போன் அடித்தார். வந்தது ஒரு சின்ன வயசுப் பெண் டொக்டர். "எத்தனை மணிக்குக் கன்று போட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாம்பு இல்ல சேர். கன்று போட்டதும் ரத்தத்துல கல்சியம் குறைஞ்சிருச்சு. இந்தப் போத்தலத் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லி, மாட்டின் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினார். போத்தல் முடியும் முன்னே மாடு ஒரு பெரிய ஏப்பம் விட்டது. சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் எழும்பி நின்று, போத்தலைப் பிடித்திருந்தவரின் கையைத் தேடிக் கடித்தது.

மேரி அக்கா மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "அப்ப கிளேம் கெடைக்காதா சேர்?" என்றும் கேட்டார்.

திங்கட்கிழமை எங்கள் மனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினார். அவர் யாழ்ப்பாணத்தவர். "என்ன ஐசே இது? மரணத்துக்கான காரணம் எண்ட இடத்தில 'இன்னும் இல்லை' எண்டு எழுதியிருக்கிறீர்! உமக்கென்ன விசரே?"

"மாடு எழும்பிருச்சு சேர். நான் மாட்டு டொக்டருக்குப் படிக்கப் போறேன்."

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் படித்தது வணிகம். உயிரியல் என்றால் அவருக்குத் தெரிந்தது கடி மட்டும்தான். அலுவலகம் முழுக்கச் சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். "இந்த வயசுலயா அண்ணே?" என்று கேட்டதற்கு, "மாடு என் வயசக் கேக்காது தம்பி. நான்தான் அதோட பல்லப் பாத்து வயசு சொல்லணும்" என்றார்.

பல்கலைக்கழகம் போக எழுத வேண்டிய உயர்தரப் பரீட்சைக்கு டியூஷன் சேர்ந்தார். மண்டபம் நிறையப் பிள்ளைகள், மைக்கைப் பிடித்தபடி ஒரு மாஸ்டர். முதல் வரிசையில் நீளக்கைச் சட்டை, டை, கையில் பைலோடு ஊசி அண்ணன். மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. வருமான வரிக்காரர் வந்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டார். இடைவேளையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன.

"சேர், கணக்கெல்லாம் வீட்டுல இருக்கு. நாளைக்கே கொண்டாறேன்."

"கணக்கு வேணாம் சேர். அந்த இதயத்துப் படத்த இன்னொருக்கா வெளங்கப்படுத்துங்க."

உயிர் திரும்பி வந்த சந்தோசத்தில் மாஸ்டர் அன்று இதயத்தைத் தெளியத் தெளியப் படிப்பித்தாராம். பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் அவரிடமே நீட்டினார்கள். பரீட்சையன்று மண்டப வாசலில் நின்ற காவலாளி அண்ணனைப் பார்த்து, "மேற்பார்வையாளர்மார் அந்தப் பக்கம் சேர்" என்று தேத்தண்ணி வைத்திருந்த அறைக்கு அனுப்பிவிட்டார். இவரும் ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் எழுதப் போனார்.

பாஸ் பண்ணிவிட்டார்! பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்கு அவர் முயற்சிக்கவும் இல்லை. "பத்தொம்பது வயசுப் புள்ளையோட எடத்துல நான் போயி ஒக்காரவா?" என்றார். வெளிநாட்டில் ஒரு கல்லூரி வரச் சொன்னது. போவதென்றால், வீடு கட்டுவதற்காகக் குண்டசாலையில் வாங்கிப் போட்டிருந்த காணியை விற்க வேண்டும். அதே வாரம் தலைமை அலுவலகம் அவரைப் பல்லேகலக் கிளைக்கு மனேஜராகப் போடுவதாகச் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார் எங்கள் மனேஜர்.

அந்த வாரம் தெருவில் ஒரு நாய் நொண்டியது. அவர் குனியாமல் தாண்டிப் போனார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவருடைய மனைவியிடம் ஓடினேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்.

"காணிய வித்தா எனக்கு வீடு இல்ல தம்பி. விக்காட்டி, மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு ஒருத்தர் கடைசி வரைக்கும் வீட்டுல ஒக்காந்திருப்பாரு. ரெண்டையும் நான் தாங்கிக்குவேன். ஆனா போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். பொறகு எல்லாத்துக்கும் என்னையத்தான் சொல்லுவாரு. அவரே முடிவெடுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் குண்டசாலையில் ஒரு மாடு செத்ததாகத் தகவல் வந்தது. நானும் கூடப் போனேன். இந்தத் தடவை மாடு உண்மையிலேயே செத்திருந்தது. கழுத்து அதே மாதிரி மடங்கியிருந்தது.

"நேத்து கன்னு போட்டிச்சி சேர்" என்றார் மாட்டுக்காரர். "பொழுது சாய படுத்திச்சி. டொக்டருக்கு போன் போட்டோம். அவரு வேற ஊருக்குப் போயிருந்தாரு. சாமிய கும்பிட்டுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தோம்."

ஊசி அண்ணன் முழங்காலில் உட்கார்ந்து காதுத் தகட்டைப் பார்த்தார். பார்த்து முடிந்த பிறகும் அந்தக் காதை விடவில்லை. கையெழுத்து வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு போத்தல் மருந்து தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்ததும் மனேஜர் கூப்பிட்டார். "என்ன ஐசே, பல்லேகலைக்குப் போறீரோ?"

"இல்ல சேர்."

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சது போதும் சேர். நான் எப்பவும் செத்த பொறகுதான் போறேன். ஒரு தடவையாச்சும் அதுக்கு முந்திப் போகணும்."

மனேஜர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பி வந்து ஊசி அண்ணனின் கையைப் பிடித்தார். "ஓம், போட்டு வாரும். நீர் வந்தா எங்கட கிளேமும் குறையும். தலைமை அலுவலகத்துக்கு நான் சொல்லுறன்" என்றார். அன்று பின்னேரமே காணியை விற்க ஆள் தேடச் சொல்லிவிட்டார்கள். சொன்னது டீச்சர்.

இப்போது அவர் அந்த வெளிநாட்டுக் கல்லூரியில் இரண்டாம் வருசம். போன வாரம் போனில் கூப்பிட்டார். "ஒரு எரும ஒதச்சிட்டுது தம்பி. நல்ல எரும" என்றார், பெருமையாக. அவருடைய வேலை இப்போது என் தலையில். பக்கத்து மேசை காலி. அவர் இல்லாத அலுவலகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. இதை அவரிடம் நேரே சொல்லக் கூச்சம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு தோட்டத்தில் செத்த மாட்டுக்குக் கையெழுத்து வைக்கப் போனேன். மாட்டுக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்தி வாற சேர் எங்க?"

"மாட்டு டொக்டருக்குப் படிக்கப் போயிருக்காரும்மா."

"அந்த வயசுலயா? எப்ப வருவாரு?"

"கொஞ்சம் சுணங்கும். ஆனா வருவாரு."

அவர் பக்கத்தில் நின்ற கிடாரிக் கன்றைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி சேர். இது பெருசாகிக் கன்னு போடுற நேரத்துக்கு அவர வந்துறச் சொல்லுங்க" என்றார்.

அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா? படிச்சிட்டுச் சீக்கிரம் வாங்க.