காக்கா வந்தார்

மதிப்புக்குரிய காக்கா ஹிதாயத்துல்லா அவர்களுக்கு, செம்பாக்கத்திலிருந்து தங்கை ஷபீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். கேளம்பாக்கத்தில் நீங்களும் மதினியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நேற்று தியேட்டரில் உங்கள் பெயருக்கு நன்றி போட்டபோது நீங்களே கைதட்டியதைப் பார்த்தேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பால்கனிக் கம்பியில் உட்கார்ந்து கரைந்த ஒரு காக்கையைத் துடைப்பத்தால் விரட்டியது. அது ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் என் சிறுவர் நாவலைப் படமாக எடுத்ததில் உங்கள் இடத்தை அதன் இனம் பிடித்துக்கொண்டதை முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவளுக்கு, யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. உங்கள் மேல் கோபப்பட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

நான் எழுதியது என்ன? ஏரி நிரம்பித் தண்ணீர் தெருவுக்குள் வந்த அன்று நீங்கள் என்னைத் தோளில் சுமந்துபோனீர்களே, அதைத்தான். கீழக்கரைக்காரர்கள் நாம் அண்ணனைக் காக்கா என்போம் என்பது டைரக்டர் முகிலனுக்குத் தெரியாது. டிரெய்லரில் சஸ்பென்ஸ் என்று ஒரு இறகைக்கூடக் காட்டவில்லை, அதனால் எனக்கும் தெரியாது. ‘உம்மா முதலில் காக்காவுக்குச் சோறு வைத்தார், பிறகுதான் எனக்கு’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது என் புகார். பொரித்த மீனின் நடுத்துண்டு நம் வீட்டில் யார் தட்டுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முகிலன் அதில் ஜீவகாருண்யத்தைப் பார்த்திருக்கிறார். இடைவேளையில் வந்து கைகூப்பிச் சொல்கிறார்: “மேடம், எல்லாரும் காக்கா வந்துச்சு, போச்சுன்னுதான் எழுதுவாங்க. நீங்க மட்டும்தான் வந்தார், போனார்னு மரியாதை குடுத்திருக்கீங்க. அங்கதான் நான் அழுதுட்டேன்.” காக்கா சைக்கிளில் வந்தார் என்று எழுதியதால் கிராபிக்ஸ் காக்கை சைக்கிள் மிதிக்கிறது. தோளில் ஏற்றிக்கொண்டார் என்று எழுதியதால் ஷேர் ஆட்டோ அளவுக்கு வீங்குகிறது. காக்காவுக்கு மீசை அரும்பியது என்றும் ஒரு வரி இருந்தது. அதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

கதை பேச நான் போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. “சினிமாக்காரங்ககிட்ட நீ என்ன புள்ள பேசுவே, நான் பாத்துக்குறேன்” என்றீர்கள். காட்டாங்குளத்தூரில் வகுப்பு வகுப்பாகப் பேசித் தொண்டை கட்டுகிறவள் நான். ஆனாலும் சரி என்றேன், நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அவர்கள் படிக்கக் கொடுத்த திரைக்கதையை முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு, பிரியாணிக்கு நடுவே நீங்கள் பேசிய பேச்சை மதினி நேற்று எனக்கு நடித்தே காட்டினார். “சார், காக்கா கேரக்டர்தான் படத்துக்கே உயிர்.” “அப்படியா தம்பி!” “நல்லா கறுப்பா, கம்பீரமா காட்டப்போறோம்.” “கறுப்பு வேணாம் தம்பி, கொஞ்சம் கலராவே காட்டுங்க.” “குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும் சார்.” “அது சளி புடிச்சா மட்டும்தான்!” காக்கா, அந்த இடத்தில்கூடவா உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவில்லை?

சரி, அது போகட்டும். இப்போது பதிப்பாளர் படத்தின் சூடு ஆறுவதற்குள் புதுப் பதிப்பு கொண்டுவருகிறாராம். அட்டையில் மீசை வைத்த காக்கை. உள்ளே ‘வந்தார்’ எல்லாம் ‘வந்தது’ ஆக வேண்டுமாம், இல்லையென்றால் பிள்ளைகள் குழம்பிவிடுமாம். அதற்கும் நீங்கள் போனில் “தாராளமா செய்ங்க” என்று சொல்லிவிட்டீர்களாம். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். யாரையும் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அந்தப் புத்தகம். என் கல்யாணத்துக்கு, வேலைக்கு, வீடு பார்த்ததற்கு எல்லாம் சரி சொன்னது நீங்கள். புத்தகத்தில் மட்டும்தான் நான் உட்கார வைத்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இன்று மாலைக்குள் பதிப்பாளரைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிடுங்கள். என் காக்கா மனுசன்தான் என்று சொல்லுங்கள்.

மதினிக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதில் கொஞ்சம் வாசிக்கும் பழக்கத்தையும் தருவானாக.

உங்கள் அன்புத் தங்கை,
ஷபீனா

பி.கு.: பதிப்பாளரைக் கூப்பிட வேண்டாம். உறையை ஒட்டப் போனபோது படத்தில் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. வெள்ளத்தின் நடுவில் அந்தக் காக்கை நின்று, கழுத்தைத் திருப்பி, தோளில் இருக்கிற பெண்ணிடம் கேட்கிறது: “எந்தப் பக்கம் போலாம், நீ சொல்லு.” என் புத்தகத்தில் அந்த வரி கிடையாது. அன்று மேட்டுத் தெரு வழியாகப் போகலாம் என்று உங்கள் தோளிலிருந்து நான் கத்தியதும், நீங்கள் காதில் வாங்காமல் நடந்ததும், இருவரும் சாக்கடைக்குள் விழுந்ததும்கூட அதில் கிடையாது. உங்கள் மரியாதைக்காக விட்டுவிட்டேன். காக்கை கேட்ட அந்த இடத்தில் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆகவே புதுப் பதிப்பில் காக்கா காக்கையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு ‘வந்தார்’ மேலும் கோடு போட்டு, என் கையாலேயே ‘வந்தது’ என்று எழுதப் போகிறேன். பதிப்பாளரிடம் இனி நானே பேசிக்கொள்வேன். இந்த முடிவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னதாகவும் ஆகாது. நீங்கள்தான் எதையும் முதல் பக்கம் தாண்டிப் படிப்பதில்லையே.