குரல் இருக்கிறவளுக்கு விரல் எதற்கு?

‘எனக்கு அது வராது’ என்பதையே ஒரு பதக்கம்போல் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிற ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். தெரியாததற்கு வெட்கப்படுகிறவர்கள் இதில் சேர்த்தியில்லை. தெரியாது என்று பெருமையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, கேட்பவர் முகத்தில் மரியாதை தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இசை நாடகப் பள்ளியில் ஒருத்தி இருந்தாள். ஊரையே எழுப்பும் குரல்; பட்டப்பெயர் ஆலைச்சங்கு. பாராட்டி வைத்த பெயர் என்றே நம்பினாள். பியானோ வகுப்பு எல்லாருக்கும் கட்டாயம் என்றதும் அவளுக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்தது. நகம் நீளம் என்றாள். வெட்டச் சொன்னதும் விரல் குட்டை என்றாள். ஆசிரியர் தம் விரலைக் காட்டியதும், வீட்டில் பியானோ இல்லை, பயிற்சி அறையில் குளிர்கிறது, வெள்ளைக் கட்டைகளெல்லாம் ஒரே முகஜாடையாக இருக்கின்றன என்று அடுக்கினாள். அந்த மனிதர் கேட்டது என்ன? இடக்கையால் மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கு, அவ்வளவுதான்.

“அதுக்குத்தான் பியானோக்காரர் இருக்காரே சார். அவர் பொழப்பை நான் ஏன் கெடுக்கணும்?”

எவ்வளவு இளகிய மனசு!

கதாநாயகியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பியானோக்காரருக்குப் பல்வலி, வரவில்லை. ஆரம்பச் சுருதியை அவரவரே தட்டிக்கொண்டு பாடச் சொல்லிவிட்டார் இயக்குநர். தூங்குகிற நாயை நெருங்குவதுபோல் சங்கு பியானோவை நெருங்கி, ஆள்காட்டி விரலால் ஒரு கட்டையைத் தொட்டாள். இனிமையாகத்தான் ஒலித்தது. முதல் அடி ஜோராக ஏறியது. இரண்டாம் அடியில் கழுத்து நீண்டது. உச்சிக்கு வந்தபோது குதிகாலே தரையைவிட்டு எழும்பிவிட்டது. குரல் மட்டும் கூட வரவில்லை.

“கொஞ்சம் கீழ எடும்மா” என்றார் இயக்குநர்.

கீழே என்றால் எந்தப் பக்கம்? சங்கு வலப்பக்கம், அதாவது இன்னும் மேலே, நகர்ந்தாள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து வந்தவள் நூலிழைக் குரல்காரி. உட்கார்ந்தாள், இடக்கையால் மூன்று கட்டையை அமுக்கினாள், தன் குரலுக்கு வசதியான இடத்தில் பாடினாள், வேஷத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பியானோவே சரியில்லை என்று அண்ணியிடம் பொருமினாள் சங்கு. அண்ணி துணி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“அடுத்தவ எந்தப் பியானோவுல பாடினா?”

சங்கு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். மறுநாள் பயிற்சி அறைக்குப் போனாள். விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. பல நாள் கழித்து, மூன்று கட்டையும் ஒன்றாய் ஒலிக்க, அதன்மேல் தன் குரலை மெல்ல வைத்துப் பார்த்தாள். நின்றது. அப்படியொரு சின்னக் குரல் தனக்கு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களை அவள்தான் மிரட்டுகிறாள்: “இதுகூடத் தெரியாமலா பாட வந்தீங்க?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்றுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் எதிரே நின்றுகொண்டு, “இதெல்லாம் உனக்குத்தான் நல்லா வரும்” என்று வீட்டுக்காரியிடம் ஒரு குரல் கொடுத்தீர்களே, சுருதி எத்தனை சுத்தமாக இருந்தது!